சட்டம் துவக்கைச் சொன்னது. குண்டை யார் சொல்வது?

சட்டமியற்றுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆபத்தொன்று கண்ணிற் பட்டதும் அதற்குரிய கருவியின் பெயரைத் தேடிப் பிடிப்பர். அப்பெயரைச் சட்டத்தில் எழுதித் தடுப்பர். பின்னர் ஆபத்தே நீங்கிவிட்டதென எண்ணி அடுத்த மசோதாவுக்குச் சென்றுவிடுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்கு இராச்சியங்களில் மான் வேட்டையை நெடுங்காலம் ஆண்டுவந்த சட்டம் இப்பழக்கத்துக்குத் தக்க சான்று. றைபிளால் மான் சுடலாகாது, துவக்காலேயே சுடவேண்டும் என்றது அச்சட்டம். துவக்கில் இடும் குண்டு எவ்வகையினதாயிருக்கவேண்டும், குழலின் வாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கவேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்னும் கேள்விகளை அது வேட்டைக்காரன் கையில் விட்டுவிட்டது. மானுக்கும் அயலவனுக்கும் விளையும் நன்மை தீமையெல்லாம் அந்தக் கேள்விகளிலேதான் தங்கியிருக்கின்றன என்பது எமது கருத்து.

மான் வேட்டைக்கும் இப்பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்டல் இயல்பே. எமது நாட்டிற் புள்ளிமானும் மரையும் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைச் சுடுதல் குற்றம். எவரையும் அக்குற்றத்துக்கு நாம் தூண்டவில்லை. ஆயினும் 12ஆம் இலக்கத் துவக்கு எமது கமக்காரருக்கு அந்நியப் பொருளன்று. பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு அதனை வைத்திருந்த குடும்பங்கள் வன்னியிலும் கிழக்கிலும் பல. அதே துவக்கை வேறொரு நாட்டு மக்கள் ஒரு பெரிய விலங்கின்மீது, குடியிருப்புகளின் நடுவே, சட்டத்தின் கட்டளைப்படி பயன்படுத்த நேர்ந்தபோது என்ன கண்டார்கள் என்பதை அறிதல் கமக்காரருக்கும் பயன்படும். சட்டம் கற்றோருக்கும் பயன்படும்.

முதலில் அந்த மானின் கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதிலும் வெண்வால் மான் ஐந்து இலட்சத்துக்கு மேல் எஞ்சியிருக்கவில்லை என்பது பொதுவான மதிப்பீடு. ஒகையோவிலும் இண்டியானாவிலும் அஃது அற்றே போயிற்று. பின்னர் காப்பாற்றி வளர்த்தார்கள். எமது வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1937ஆம் ஆண்டில், துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியைக் காட்டுயிர்களின் மீட்சிக்கே ஒதுக்கும் சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. சுடுகிறவனே காப்பதற்கும் பணம் கொடுக்கட்டும் என்னும் அந்த ஏற்பாட்டை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். மான் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மிகுந்தும் போயிற்று. இன்று அதன் தொகை மூன்று கோடியளவில் உள்ளதென்பர். ஓநாய் அற்றுப்போன நிலத்தில், சோளமும் சோயா அவரையும் விளையும் வயல்களின் ஓரத்தில், அதனைக் குறைக்க வேட்டைக்காரனைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒகையோ 1943இலும், இண்டியானா 1951இலும், அயோவா 1953இலும், இலினோய்ஸ் 1957இலும் மான் வேட்டைப் பருவத்தை மீளத் திறந்தன.

திறந்தபோது ஓர் அச்சம் எழுந்தது. அது நியாயமான அச்சமே. அந்நிலம் மலையன்று, காடன்று. உள்ளங்கைபோல் மட்டமான வயல்வெளி. அரை மைலுக்கொரு வீடு, மாட்டுத் தொழுவம், பாடசாலை வண்டி செல்லும் தெரு. அறுவடை முடிந்த கார்த்திகை மார்கழியில் வயலில் மறைவென்று எதுவும் இராது. குறி தவறிய றைபிள் குண்டு இரண்டு மைலுக்கும் அப்பாற் செல்லவல்லது. துவக்கின் குண்டோ பருமனானது, மொட்டையானது. காற்றோடு மல்லாடி விரைவில் வேகம் இழப்பது. ஆகவே துவக்கைத் தெரிந்தெடுத்தனர். ஒகையோவும் இலினோய்சும் ஒருபடி மேற்சென்று, பல சன்னங்கள் அடங்கிய தோட்டா மானுக்கு ஆகாது, ஒற்றைக்குண்டே இடவேண்டும் என்றும் விதித்தன.

ஒற்றைக்குண்டு வேண்டும் என்றதற்குக் காரணம் வலிது. மான் வேட்டைக்கென விற்கும் பெருஞ்சன்னத் தோட்டாவில் வழக்கமாக ஒன்பது சன்னங்கள். ஒவ்வொன்றும் மூன்றில் ஓர் அங்குலப் பருமன். இருபது கஜத்தில் அவை ஒரு பிடியாகச் சென்று தாக்கும். நாற்பது கஜத்திலோ சிதறிவிடும். ஒன்று தொடையிலும் ஒன்று குடலிலும் ஏறும். மான் விழாது, ஓடும். ஓடிப் பற்றைக்குள் படுத்து இரவெல்லாம் கிடந்து சாகும். இறைச்சி எவருக்கும் பயன்படாது. கிழக்குக் கரையோரத்திலும் தெற்கிலும் சில இராச்சியங்கள் இன்றும் இதற்கு இடமளிக்கின்றன. அடர்ந்த புதர்க்காட்டில் மிகக் கிட்டச் சுடுவதற்கு அது போதும் என்பது அவர்கள் வாதம். கிட்டச் சுடுவதாகப் புறப்படுகிறவன் எட்டத்து மானைக் கண்டு விரலை அடக்குவானா என்பது எமது ஐயம்.

இனித் துவக்கின் குழலைப் பார்ப்போம். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவே 12ஆம் இலக்கக் குழலின் உள்விட்டம்: 0.729 அங்குலம். இருபதாம் இலக்கமென்பது இருபது உருண்டைக் கணக்கு. ஆகவே இலக்கம் கூடக் கூடக் குழல் சிறுக்கும். றைபிளின் குழலுள் முறுக்குவரிகள் உண்டு. அவை குண்டைப் பம்பரம்போற் சுழற்றி நேரே செலுத்தும். துவக்கின் குழலோ வழுவழுப்பானது. சன்னத்தைத் தாராவின்மேலும் காடையின்மேலும் விசிறுவதற்கென்றே செய்யப்பட்டது. அவ்விசிறலை அடக்குவதற்காகக் குழலின் வாயைச் சற்றே ஒடுக்குவர், இதுவே சோக்கு. முழுச் சோக்கில் ஒடுக்கம் ஏறத்தாழ 0.035 அங்குலம், அஃதாவது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அத்தனை சிறிய ஒடுக்கம் நாற்பது கஜத்தில் முப்பது அங்குல வட்டத்துள் நூற்றுக்கு எழுபது சன்னங்களைச் சேர்த்துவிடுகின்றது! நடுச் சோக்கில் ஒடுக்கம் 0.020 அங்குலம், இளஞ் சோக்கில் 0.010, திறந்த வாயில் ஒன்றுமில்லை. பழைய இரட்டைக்குழல் துவக்குகளில் இந்த ஒடுக்கம் குழலோடு குழலாக நிலைத்தது. புதியவற்றில் வாயிலே புரிவெட்டி, வேண்டிய சோக்குக் குழாயைத் திருகிப் பூட்டவும் கழற்றவும் வசதி செய்துள்ளனர்.

வசதி வந்ததும் குழப்பமும் வந்தது. தாராவுக்கு நன்றாயிருந்த முழுச் சோக்கு மானுக்கும் நன்றாயிருக்கும் என்று எண்ணுவோர் பலர். ஒடுங்கிய வாய் தூரம் கொடுக்கும் என்பது சன்னத்துக்கு உண்மை. ஒற்றைக்குண்டுக்கு முற்றிலும் பொய். விசிறிப் போவதற்கு அங்கே பல சன்னங்கள் இல்லை. ஒரே கட்டியான ஈயம், வாயிலே நெரிபட்டு உருக்குலைந்து வெளியேறும். உருக்குலைந்தது நேரே போகாது. குழாய்க்கும் அது கேடு. வழுவழுப்பான குழலில் ஒற்றைக்குண்டு இடுகிறவனுக்குத் திறந்த வாய் அல்லது இளஞ் சோக்கு. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

குண்டுகளுள்ளும் குலபேதம் உண்டு. 1898இல் ஜெர்மானியரான வில்கெல்ம் பிரெனெக்கே செய்த குண்டு, பின்புறத்தில் இலேசான அடைப்பொன்றைத் தன்னோடே இணைத்துச் செல்வது. 1931இல் அமெரிக்கரான கார்ல் பொஸ்ரர் செய்த குண்டு, முன்புறம் கனத்துப் பின்புறம் குடைந்த மென்மையான ஈயம். வின்செஸ்ரர் நிறுவனம் 1936 முதல் அவ்வகையை விற்கத் தொடங்கியது. இரண்டும் சுழற்சியை நம்புவனவல்ல. பூப்பந்தாட்டத்தில் இறகுப்பந்து எவ்வாறு கனத்த தலையை முன்னிட்டு நேரே பறக்கின்றதோ, அவ்வாறே இவை பறக்கின்றன. பொஸ்ரர் குண்டின் பக்கத்திற் காணும் சரிந்த வரிகள் அதனைச் சுழற்றுகின்றன என்று கடைக்காரரும் சொல்வர். பெரிய சுழற்சி எதனையும் அவை தருவதில்லை. சோக்கினூடே செல்லும்போது ஈயம் நெரிந்து ஒதுங்க இடம் வேண்டுமே, அதற்காக இட்ட வரிகள் அவை.

மூன்றாவது வகை சாபோ எனப்படுவது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு மரச்செருப்பு என்று பொருள். பெயர் பொருத்தமானதே. துவக்கின் குழலைவிடச் சிறுத்த நீள்குண்டு ஒன்றுக்குப் பிளாஸ்ரிக் உறையைச் செருப்புப்போல் மாட்டிவிடுவர். குழலைவிட்டு வெளியேறியதும் உறை கழன்று விழும். குண்டு மட்டும் செல்லும். இதற்குச் சுழற்சி இன்றியமையாதது. ஆகவே முழு நீளமும் முறுக்குவரி வெட்டிய குழல் வேண்டும். அத்தகைய குழலில் சாபோ நூற்றைம்பது கஜம் வரையிலும் நம்பத்தக்கது; வழுவழுப்புக் குழலில் பொஸ்ரர் குண்டுக்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து கஜமே எல்லை. விலையோ பன்மடங்கு.

இங்கேதான் பேதைமை புகுகின்றது. விலை கூடியது எங்கும் நல்லது என்றெண்ணி, சாபோவை வாங்கி வழுவழுப்புக் குழலில் இட்டுச் சுடுகின்றான் ஒருவன். சுழலாத நீள்குண்டு ஆகாயத்திற் புரண்டு, இலக்குக் காகிதத்தைப் பக்கவாட்டிற் கிழிக்கின்றது. அடுத்தது காகிதத்திலேயே படுவதில்லை. வேறொருவன் முறுக்குவரிக் குழலை விலைகொடுத்து வாங்கிவிட்டு, குண்டிலே மிச்சம் பிடிக்கப் பொஸ்ரரை இடுகின்றான். மெல்லிய ஈயம் வரிகளில் அப்பிக்கொள்ள, சில வெடிகளுக்குள் குழல் வரியிழந்ததாகின்றது. மூன்றாமவன் முறுக்குவரிக் குழலோடு காடை வேட்டைக்குச் செல்கின்றான். சுழன்று வெளியேறிய சன்னம் நடுவே வெறுமையாய்ச் சுற்றிவர வளையமாய் விரிகின்றது. காடை அந்த வெறுமையினூடே பறந்து போகின்றது. மூவரும் சட்டத்தை மீறியவர்களல்லர்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசமும் கடையில் உண்டு: முறுக்குவரி வெட்டிய சோக்குக் குழாய். வழுவழுப்புக் குழலின் வாயில் திருகிப் பூட்டினால், கடைசிச் சில அங்குலங்களில் குண்டுக்குச் சுழற்சி கிடைக்கும் என்பது அதன் நோக்கம். ஒரே துவக்கால் காடையும் மானும் சுடவேண்டிய சிறு கமக்காரனுக்கு இது வாய்ப்பானது. சில துவக்குகளில் நன்றாகவே வேலை செய்கின்றது, சிலவற்றில் செய்வதில்லை. வேகமாக வரும் குண்டைக் குறுகிய தூரத்துள் பிடித்துத் திருப்பவேண்டியிருப்பதால் இப்படி நேர்கின்றது. பூட்டு இறுகியிருக்கின்றதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவும் வேண்டும்.

அப்படியாயின் எதனைத் தெரிந்தெடுப்பது? எமது விடை சுருக்கமானது. வழுவழுப்புக் குழலாயின் திறந்த வாயோ இளஞ் சோக்கோ பூட்டி, பொஸ்ரர் அல்லது பிரெனெக்கே குண்டு. முறுக்குவரிக் குழலாயின் சாபோ. இவ்வளவையும் கடையில் நின்றே தீர்மானிக்கலாம். அதற்கப்பால் எந்தத் தயாரிப்பு, எந்த நிறை, எவ்வளவு தூரம் என்பவற்றைக் கடைக்காரனும் சொல்லமுடியாது, நாமும் சொல்லமுடியாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் செய்த இரு துவக்குகள் இரு வேறு குண்டுகளை விரும்பும். அதனை அறிய ஒரே வழி, துவக்கை மணல்மூடையில் அசையாது சாய்த்து, ஐம்பது கஜத்தில் காகிதத்தை நிறுத்தி, வகைக்கு ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தல். மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கும் இடம் ஏறத்தாழ எட்டங்குல வட்டம்; ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. ஐந்து குண்டும் அத்தட்டுக்குள் விழும் தூரமே அத்துவக்கின் தூரம். விளம்பரம் எதனையும் சொல்லட்டும்.

மற்றொன்று, தோளின் சங்கதி. ஓர் அவுன்சு ஈயம் செக்கனுக்கு 1,600 அடி வேகத்திற் புறப்படும்போது, துவக்கு பின்னே தரும் உதை சாதாரணமானதன்று. சன்னத் தோட்டா வெடித்துப் பழகியவர்களும் இதனை முதன்முறை வெடித்தபின் முகத்தைச் சுளிப்பர். உதைக்கு அஞ்சியவன் விசையை இழுக்குமுன்னே கண்ணை மூடுவான். கண்ணை மூடியவனுக்கு எந்தச் சோக்கும் உதவாது. இளைஞருக்கும் மெலிந்த உடம்பினருக்கும் 20ஆம் இலக்கம் போதும். அதனால் மானுக்கும் குறைவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். துவக்கு பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை எவரும் நெடுங்காலம் அளந்து பார்க்கவில்லை. பெனிசில்வேனியா இராச்சியத்தின் சட்டசபைக் குழுவொன்று அளக்கச் செய்து, 2007இல் முடிவை வெளியிட்டது. துவக்கை உயர்த்தி வானை நோக்கிச் சுட்டால் றைபிள் குண்டே மிக அதிக தூரம் செல்லும், இதில் ஐயமில்லை. ஆனால் மானைச் சுடுவோர் வானை நோக்கிச் சுடுவதில்லை. நிலத்துக்கு மட்டமாகச் சுட்டுக் குறி தவறினால், குண்டு தரையிற் பட்டுத் தெறித்துச் செல்லும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். அவ்வாறு கணக்கிட்டபோது துவக்கின் குண்டு றைபிள் குண்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே சென்றது! காரணம் விளங்காததன்று. வேகமும் மென்மையும் கொண்ட றைபிள் குண்டு தரையிற் பட்டதும் உடைந்தோ உருக்குலைந்தோ வேகத்தை இழக்கின்றது. கனமான துவக்குக் குண்டோ உடையாமல், குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லுப்போல் எழுந்து மேலே செல்கின்றது. அரை நூற்றாண்டாக அயலவனைக் காப்பதாக எண்ணிய விதி, அயலவன் நிற்கும் மட்டத்திலேயே அவனை அத்துணை காக்கவில்லை என்றாயிற்று.

இராச்சியங்கள் மெல்ல மெல்ல விதியைத் தளர்த்தின. 2007இல் இண்டியானா கைத்துப்பாக்கித் தோட்டா ஏற்கும் றைபிள்களுக்கு இடங்கொடுத்தது. பித்தளைக் கோது மேலிருந்து கீழ்வரை நேராயமைந்த, வேகம் குறைந்த தோட்டாக்களை ஏற்கும் றைபிள்களை 2014இல் ஒகையோவும், தென் மிச்சிகனும், 2017இல் அயோவாவும் அனுமதித்தன. இலினோய்ஸ் 2023இல் ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் ஏற்கும் றைபிளுக்கு வழிவிட்டது. உதை குறைவு, குறி கூடுதல் என்பனவே அங்கெல்லாம் கேட்ட வாதம். அது தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதுவதோடு வேலை முடிந்ததென எண்ணினால், முன்னே செய்த பிழையையே மீண்டும் செய்கின்றனர். துவக்குக்கும் சொல்ல ஒரு நியாயம் உண்டு என்பதை வைத்தியரான வாசகர் கவனிப்பர். 2008இல் மினசோட்டாவில் செய்த ஆராய்ச்சியில், விரைந்து விரியும் றைபிள் குண்டு இறைச்சியெங்கும் நுண்ணிய ஈயத் துகள்களைச் சிதறியதும், துவக்கின் ஒற்றைக்குண்டு மிகக் குறைவாகவே சிதறியதும் தெரியவந்தன. பிள்ளைகள் உண்ணும் இறைச்சியில் ஈயம் சிறு விஷயமன்று.

எமது மண்ணில் இதே அறியாமைக்கு வேறு முகங்கள் உண்டு. யானையைக் கலைப்பதற்காகச் சிறுசன்னத் தோட்டாவை வெடிக்கின்றனர். யானை அன்று போய்விடும். சன்னம் தோலின் கீழ் இருந்து சீழ்பிடிக்கும். புண்ணோடு அலையும் யானை முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பிவரும். கட்டுத்துவக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதற்குக் கண் இல்லை. பன்றியென்று அதற்குத் தெரியாது, விறகு பொறுக்கச் சென்ற மனிதனென்றும் தெரியாது. கம்பியில் தட்டிய கால் எதுவோ அதனை எடுக்கும். பயிரழிவாற் கமக்காரன் படும் துயரை நாம் அறிவோம். அத்துயருக்கு அந்தக் கம்பி விடையன்று.

நோர்வே நாட்டைப் பாருங்கள். அங்கே பெருமான் வகைகளை வேட்டையாடப் புறப்படுகிறவன் ஆண்டுதோறும் குறிபார்க்கும் பரீட்சையிற் சித்தியெய்தவேண்டும். நூறு மீற்றர் தூரத்தில் மானின் உருவம்; அதில் முப்பது சென்ரிமீற்றர் வட்டம்; ஐந்து குண்டும் அதற்குள் விழவேண்டும். சென்ற ஆண்டு வென்றவனும் இந்த ஆண்டு மீண்டும் சுட்டுக் காட்டவேண்டும். அமெரிக்காவில் 1949இல் நியூயோர்க் தொடக்கிவைத்த வேட்டைக்காரர் கல்வி இன்று எல்லா இராச்சியங்களிலும் உண்டு, நல்ல ஏற்பாடு. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை பாடம் கேட்டுப் பத்திரம் பெறுவதோடு பெரும்பாலும் அது நின்றுவிடுகின்றது. தன் துவக்கும் தன் குண்டும் பொருந்துகின்றனவா என்று எவரும் அவனைக் கேட்பதில்லை. இவ்வாறு கேட்பது உரிமையிற் கைவைப்பதாகும் என்று அங்கே சிலர் சினப்பர். சோள வயலுக்கு அப்பால் வீட்டு முற்றத்தில் நிற்பவனுக்கும் ஓர் உரிமை உண்டென்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம்.

கேட்கவேண்டியது பெரிதுமன்று. ஐந்து ஒற்றைக்குண்டுகள், ஒரு காகிதத் தட்டு, ஐம்பது கஜ நிலம். ஒவ்வோர் ஆண்டும் வேட்டைப் பருவம் திறக்குமுன் துளைபட்ட தட்டைக் கொண்டுவந்து காட்டி அனுமதிப்பத்திரம் பெறட்டும். தட்டின் ஓரத்தில் துவக்கின் இலக்கமும், குண்டின் பெயரும், சோக்கின் அளவும் எழுதப்பட்டிருக்கவேண்டும். குண்டை மாற்றினால் வேறு தட்டு.